பதினோராவது விதி

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் தெருவில் சங்கு குளிக்கிறவர்களுக்கு வேலை இருக்காது. கடல் கலங்கிவிடும், அடியில் போனால் தன் கையே தெரியாது என்பார்கள். அந்த மாதங்களில்தான் தூத்துக்குடியில் கேரம் லீக் நடந்தது. ஆறு மன்றங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, மூன்று மணிக்கு ஆட்டம். ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். இல்லாவிட்டால் போர்டில் தூவிய போரிக் பவுடர் பார்க்க வந்தவர்கள் மூக்கில் இருக்கும். சாத்திய அறைக்குள் முப்பது நாற்பது பேர் வேர்த்து வழிந்தபடி நிற்பார்கள். சண்டை வருவதற்கு அதுவே போதும். எங்களுக்கு வேறு காரணமும் இருந்தது.

எந்த மன்றத்தில் ஆட்டமோ, அந்த மன்றத்தின் சட்டம். அதுதான் வழக்கம். எங்கள் தெருவில் ரெட் காயைப் போட்டால் அடுத்த அடியிலேயே ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். உப்பளத்துக்காரர்கள் மன்றத்தில் ஃபாலோவுக்கு இரண்டு அடி உண்டு. தருவைகுளத்தில் காய் போர்டை விட்டு வெளியே குதித்தால் அடித்தவனுக்கு ஃபைன், போட்ட காயில் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். குமாஸ்தாக்கள் மன்றத்தில் அதை எடுத்து நடுவில் வைத்துவிட்டு ஆடுவார்கள். நடுவரும் அந்தந்த மன்றத்து ஆள்தான். ஆகவே எந்த மன்றமும் வெளியே போய் ஜெயித்ததில்லை. தோற்றுத் திரும்பும்போது தெருமுனையிலிருந்தே ஏசிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் மன்றத்தின் கேப்டன் என் அத்தான், அக்காவின் கணவர். சங்கு குளிப்பவர். ஒரு சீசனில் தோணியின் விளிம்புக்கும் கயிற்றுக்கும் நடுவில் அகப்பட்டதில் அவருடைய வலதுகை ஆள்காட்டி விரல் மடங்காமல் போய்விட்டது. அந்த நீட்டின விரலை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஒட்ட வைத்து, மணிக்கட்டிலிருந்து ஒரு வெட்டு வெட்டுவார். சத்தமே வராது. காய் மட்டும் குழிக்குள் போயிருக்கும். மற்றவர்கள் அடித்தால் 'டக்' என்று கேட்கும். அத்தான் ஆடினால் காய் விழும் சத்தம் ஒன்றுதான். தெருவில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது.

அப்பா இறந்ததிலிருந்து நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டின முதல் ஆள் நான். பி.ஏ. முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றுகொண்டிருந்த காலம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. யாராவது ஒரு வேலை கொடுத்தால் போதும் என்றிருந்தேன்.

வேலை கொடுத்தவர் குமாஸ்தாக்கள் மன்றத்தின் கேப்டன். ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா, நாசரேத்துப் பக்கத்துக்காரர், மடிப்புக் கலையாத சட்டைக்காரர். மதராஸிலிருந்து டைப் அடித்த இங்கிலீஷ் விதிகள் இரண்டு தாள் வரவழைத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, ஆறு மன்றத்துக்கும் ஒரே சட்டம் இருந்தா இந்தச் சண்டை தீரும். நீங்க தமிழ்ல எழுதிக் கொடுங்க. நடுவராகவும் நீங்களே இருங்க. உங்க மேல எல்லாருக்கும் நம்பிக்கை இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் அன்றைக்கு எதை வேண்டுமானாலும் எழுதியிருப்பேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். பத்தொன்பது விதிகள். சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இந்தியன் இங்க்கில் எழுதினேன். பதினோராவது விதி இப்படி வந்தது: "ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்ட வேண்டும். தள்ளக் கூடாது. தள்ளினால் ஃபவுல், அடி போய்விடும், ஒரு காய் ஃபைன்." சுண்டுவது என்ற சொல் கிடைத்த சந்தோஷத்தில் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். அது யாருடைய கையைக் குறிக்கிறது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. அடுத்த அறையில் அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு கேப்டன்களும் எங்கள் மன்றத்தில் கூடினார்கள். நான் சார்ட்டைச் சுவரில் தொங்கவிட்டு வாசித்தேன். ஃபாலோ பற்றிய விதி வந்ததும் உப்பளத்துக்காரர் எழுந்துவிட்டார். "ரெண்டு அடி இல்லாம ஒரு ஃபாலோவா? எந்த ஊரு நியாயம் இது?" அரைமணி நேரம் கத்தினார்கள். டீ வந்தது, ஆறினது. அடங்கியபின் மறுபடி தொடங்கினேன். எந்த இடத்தில் விட்டோம் என்று சார்ட்டைப் பார்த்தேன், பன்னிரண்டிலிருந்து வாசித்தேன். பத்தோடு நிறுத்தியிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது அத்தான்தான் முதலில் வந்தார். அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

"நம்ம பய எழுதுனது. இதுல என்ன கெடக்கு, போடுங்கலே எல்லாரும்" என்றார்.

புதிய சட்டப்படி நடந்த முதல் ஆட்டம் எங்கள் மன்றத்தில், எங்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும். கடைசி ஆட்டத்தில் அத்தானும் அவர்களுடைய கேப்டனும் உட்கார்ந்தார்கள். நான் போர்டின் பக்கவாட்டில் ஸ்டூலில். மூன்று சுற்று. அத்தான் முதல் போர்டை ஒரே மூச்சில் முடித்தார். இரண்டாவது போர்டில் மூன்று காய் போட்டிருப்பார், குமாஸ்தா கையை உயர்த்தினார்.

"நடுவர் சார். பதினொன்று."

எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி காய்களைப் பார்த்தேன்.

"பதினோராவது விதி. அண்ணாச்சி சுண்டலை, தள்ளுதாங்க. நீங்களே பாருங்க."

பின்னாலிருந்து ஒருவன், "ஏ சாரு, அவரு பத்து வருசமா இப்படித்தான் ஆடுதாரு. இன்னைக்குத்தான் ஒமக்குக் கண்ணு தெறந்துச்சோ?" என்றான். இன்னொருவன், "தோக்கப் போறாருல்லா, சட்டம் பேசத்தான் செய்வாரு" என்றான். குமாஸ்தா கோபப்படவில்லை. சார்ட்டைக் காட்டினார். அவர் சொன்னது சரிதான். அதுதான் என்னைக் கொன்றது.

அத்தான் என்னைப் பார்த்தார். "என்ன மாப்ளே? என்ன எழுதியிருக்கு அங்கன?"

வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சரி. அன்னைக்கு எல்லாத்தையும் வாசிச்சியே, இத வாசிச்சியா?"

முப்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் ஞாபகம் இருக்காது.

"இல்ல அத்தான். விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா" என்றார் அவர். சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்: "வாசிச்சாலும் வாசிக்காட்டாலும் கையெழுத்து கையெழுத்துதானே தம்பி? நாளைக்கு ஒவ்வொருத்தரும் எனக்கு வாசிக்கலைன்னு சொன்னா?"

நான் ஃபவுல் என்றேன். அத்தான் ஒரு காயை எடுத்து நடுவில் வைத்தார். அடுத்த அடியும் அதேபோல். அதுவும் ஃபவுல் என்றேன். மூன்றாவது முறை இடது கையால் முயன்றார். ஸ்ட்ரைக்கர் நேரே குழிக்குள் போனது. யாரோ ஒருவன் சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். அந்தப் போர்டும் போயிற்று, அடுத்ததும் போயிற்று. அத்தான் எழுந்து, வேட்டியில் ஒட்டின பவுடரைத் தட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். திறந்த கதவு வழியாகக் காற்று உள்ளே வந்து போர்டைத் துடைத்துவிட்டது.

வீட்டில் அக்கா சோற்றை வைத்துவிட்டு எதிரே நின்றாள். "படிச்சுப் படிச்சு கடைசியில அவுக விரலப் புடிச்சிட்டியோ?"

"நான் வேணும்னு எழுதலக்கா."

"வேணும்னு எழுதியிருந்தாலும் ஒரு அர்த்தம் இருக்கு. தெரியாம எழுதுனேன்னு சொல்லுதியே. கண்ணெதிர கெடக்குற விரல் தெரியாதாலே ஒனக்கு?"

குழம்பை ஊற்றினாள். எப்போதும்போல ஒரு துண்டு மீனும் வைத்தாள். அதைத் தின்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அத்தான் மன்றத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். வாரநாட்களில் வலை பழுதுபார்க்கிறவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். என்னோடு பேசாமல் இல்லை. "சாப்பிட்டியா", "விளக்கை அணை" என்ற அளவில் பேசினார். கேரம் பற்றி மட்டும் பேச்சு இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்தால் கடற்கரை ரோட்டில் பழைய துறைமுகம் வரை போய், ஒன்றும் செய்யாமல் திரும்புவேன். இரண்டு தடவை குமாஸ்தாவின் ஆபீஸ் வாசல் வரை போய்விட்டு வந்துவிட்டேன். மூன்றாவது தடவை உள்ளே போனேன்.

அவர் எதிர்பார்த்ததைவிட நல்லவராக இருந்தார். "அண்ணாச்சி இல்லாத லீக் நல்லாவா இருக்கு? ஆனா விதியை நான் மட்டும் மாத்த முடியாது. மத்த கேப்டன்களும் ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை."

அத்தானுக்கு விலக்குக் கேட்டு ஒரு தாள் எழுதி எடுத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க அலைந்தேன். எதிர்க்காற்றில் தருவைகுளத்துக்குச் சைக்கிள் மிதித்தேன், கண்ணெல்லாம் மண். அங்கே கேப்டன் வலையை உதறிக்கொண்டே, "அந்த மனுசன் ஆடட்டும்லே, அவர ஜெயிச்சாத்தான எங்களுக்கும் பேரு" என்றார். உப்பளத்துக்காரர் இதுதான் சமயமென்று ஃபாலோவுக்கு இரண்டு அடி கேட்டார். அவரைத் தவிர எல்லோரும் சம்மதித்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சுத்தமாக நகல் எழுதினேன். கேப்டன் என்பதால் அத்தானின் கையெழுத்தும் வேண்டும்.

வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன்.

"வாசி" என்றார்.

நின்றபடியே வாசித்தேன். "வலதுகை விரல் ஊனமாக இருக்கும் காரணத்தால், கீழ்க்கண்ட ஆட்டக்காரருக்கு மட்டும் பதினோராவது விதியிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது..."

"நிறுத்து."

நிறுத்தினேன்.

"ஊனம்னு போட்டிருக்கியா?"

"ஒரு காரணம் எழுதணும்ல அத்தான்..."

"இந்தக் கைய வச்சுத்தான் அடியில போயி சங்கப் பெறக்கிட்டு வாரேன். தோணியில ஒருத்தன் இதுவரைக்கும் ஊனம்னு சொன்னதில்ல. நீ இந்தத் தாள எடுத்துட்டு ஊரெல்லாம் போயி அஞ்சு கேப்டன்கிட்டயும் வாசிச்சியாக்கும்?"

வாசித்துத்தான் இருந்தேன். தருவைகுளத்தில் கொஞ்சம் சத்தமாகவே வாசித்திருந்தேன்.

அவர் பீடியை அணைத்தார். பிறகு, உள்ளே போய் ஸ்ட்ரைக்கரை எடுத்து வரச் சொன்னார். சிமெண்டுத் தரையில் கரித்துண்டால், போர்டில் ஸ்ட்ரைக்கர் வைக்கிற இடம்போல, இரண்டு கோடு இழுத்தார். ஸ்ட்ரைக்கரை நடுவில் வைத்தார்.

"தள்ளுறது ஏன் தப்பு? சொல்லு பாப்போம்."

மதராஸ் தாளில் இருப்பதால் தப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

"விரல் கூடவே போனா காய் பக்கத்துல வரைக்கும் கொண்டு விட்டுரலாம். அது ஏமாத்து. அப்போ விரல் எங்க நிக்கணும்? இங்கன." முன்கோட்டில் விரலை வைத்துக் காட்டினார். "எவன் எப்படி அடிச்சா என்ன, சுண்டுனா என்ன, வெட்டுனா என்ன? இந்தக் கோட்ட விரல் தாண்டக் கூடாது. எல்லாவனுக்கும் அதான். எனக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம். போயி எழுது."

எழுதினேன். மதராஸ் தாளில் இல்லாத விதி. ஆனால் அந்தத் தாளில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. மறுபடி ஐந்து மன்றத்துக்கும் போனேன். குமாஸ்தா தன் போர்டில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தார். அவருடைய விரலே இரண்டு தடவை கோட்டைத் தாண்டியது. முகத்தைச் சுளித்தார், கொஞ்சம் சிரித்தார், கையெழுத்துப் போட்டார். உப்பளத்துக்காரர் கடைசிவரை போடவில்லை. பெரும்பான்மை என்று வைத்துக்கொண்டோம். பழைய பதினொன்றின் மேல் புதுத் துண்டை ஒட்டினேன். அத்தான் வந்து சுவர் முன்னால் நின்று, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "இன்னொரு தரம்" என்று கேட்டு, அதன்பிறகு பெயரை எழுதினார்.

அந்த ஞாயிறு ஆட்டம் குமாஸ்தாக்கள் மன்றத்தில். எங்கள் தெருவே வந்திருந்தது. அத்தான் உட்கார்ந்ததும் ஒரு சீட்டி பறந்தது. முதல் நான்கு அடியில் நான்கு காய். நான் காய்களைப் பார்க்கவே இல்லை. குனிந்து அந்த முன்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், கழுத்து வலித்தது. ஐந்தாவது அடி ரெட். அழகான வெட்டு. ரெட் மூலைக் குழியில் விழுந்தது, அறை கத்தியது. அத்தானின் விரல் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

குமாஸ்தா பார்த்திருக்கவில்லை. காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காயைத்தான் பார்த்தார்கள்.

"ஃபவுல்" என்றேன்.

"என்னது?" என்று எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். "ஏலே, நீ யாரு வீட்டுச் சோத்தத் திங்க?" என்று ஒருவன் என் தோளைப் பிடித்தான்.

அத்தான் கையை எடுக்கவில்லை. அந்த விரலை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு கிட்டே குனிந்து பார்த்தார்.

"ஒரு நூல்தான்" என்றார்.

"ஒரு நூல்தான் அத்தான்."

"தாண்டிச்சுல்ல?"

"தாண்டிச்சு."

என் தோளைப் பிடித்திருந்தவனைப் பார்த்து, "அவன விடுலே, அங்கிட்டுப் போ" என்றார். குழிக்குள் கைவிட்டு ரெட்டை எடுத்து நடுவில் வைத்தார், பக்கத்தில் ஃபைன் காயையும் வைத்தார். ஸ்ட்ரைக்கரைக் குமாஸ்தாவின் பக்கம் நகர்த்திவிட்டு, கைகளைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருந்தார்.