இஸ்மாயில் பாயின் ஸ்பீக்கருக்கு நாம் சொன்ன விலை

செய்தி வந்தபோது நான் திருப்பூர் மண்ணரையில் என் பிரிண்டிங் பட்டறையில் இருந்தேன். மஞ்சள் பனியன் துணிமேல் கறுப்பு மை சரியாக உட்காரவில்லை என்று ஆட்களிடம் கத்திக்கொண்டிருந்தேன். நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் வாட்ஸ்அப்பில், இஸ்மாயில் பாயின் போனிலிருந்தே அவருடைய மைத்துனர் அன்வர் ஒரு வரி போட்டிருந்தார். காலையில் பாய் மவுத்தாகிவிட்டார், மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒன்று போட்டேன். மையை மறுபடி கலக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றபோது, உங்களில் ஒருவர் எனக்குத் தனியாக அனுப்பிய செய்தி வந்தது. "பாவம் பாய். அந்த ஸ்பீக்கர் இனி என்ன ஆகும்?"

அவர் பெயரை எழுத மாட்டேன். அடக்கத்துக்கு மையத்து அப்போது வீட்டைவிட்டே கிளம்பவில்லை. படித்த உடனே எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த நேரம் என் மனதின் ஓரத்திலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன நீங்கள் ஆறுதலாக நாலு வார்த்தை எதிர்பார்த்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

வெளியாட்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பன்னிரண்டு பேர். எக்ஸ்போர்ட் முதலாளி, சாயப்பட்டறை கெமிஸ்ட், ஆடிட்டர், பல் டாக்டர் என்று கலவையான கூட்டம். ஞாயிறு காலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, லட்சக்கணக்கில் விலையுள்ள ஸ்பீக்கரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் பாட்டுக் கேட்போம். கேட்பது பாதி, வாங்கி விற்பது பாதி. திருப்பூரில் பழைய ஆடியோ சாமானின் விலையை நிர்ணயிப்பது பனியன் ஏற்றுமதி ஆர்டர்தான். ஆர்டர் நன்றாக இருக்கும் வருஷத்தில் ஆளாளுக்குப் புதுசு இறக்குவார்கள். ஆர்டர் நின்றால் அதே பெட்டிகள் பாதிக்கும் கீழான விலையில் வெளியே வரும். அமெரிக்காவில் வரியை ஏற்றியபோது ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. யாருடைய யூனிட் தள்ளாடுகிறது, அவர் வீட்டில் என்ன ஸ்பீக்கர் இருக்கிறது என்று பட்டியல் போட்டவர்கள் நாம்.

இந்தக் கூட்டத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் பாய் ஒருவர்தான். ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வரும் பனியன்களை மேசையில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அந்த மேசைகளுக்கு அவர்தான் பொறுப்பு. நான் அவரை முதலில் பார்த்தது அவருடைய பழைய சிடி பிளேயரை வாங்கப் போனபோது. பிளேயர்மேல் ஏழு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. தட்டு திறக்கும்போது முனகுவதற்கு ஒன்று, ரிமோட்டில் ஒரு பட்டன் வேலை செய்யாததற்கு ஒன்று, கண்ணுக்கே தெரியாத ஒரு கீறலுக்கு ஒன்று. இப்படி ஒட்டிவைத்தால் எவன் வாங்குவான் என்று கேட்டேன்.

"வாங்கறவரு ஊட்டுக்குப் போயிக் கண்டுபுடிக்கறதுக்கு, இங்கயே பாத்துக்கட்டுமுங்க" என்றார்.

நாம் அந்த அம்புகளை என்ன செய்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணிக் கழித்தோம். அம்புக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று குறைத்து வாங்கினோம். நம்மில் ஒருவர் பாயிடம் வாங்கிய பிரீஆம்பில் ஸ்டிக்கரையெல்லாம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, கீறலே இல்லாத சாமான் என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் இரண்டு மடங்குக்கு விற்றார். அதை ஞாயிற்றுக்கிழமை நம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. அந்தக் கோயம்புத்தூர்க்காரரின் நம்பர் வேண்டும் என்றார். எதற்கு என்று நமக்குப் புரிந்ததால் யாரும் கொடுக்கவில்லை.

பிறகு பொங்கலூர் விஷயம். அங்கே நிட்டிங் யூனிட் வைத்திருந்த ஒருவர், வரி ஏறிய பிறகு ஆர்டர் இல்லாமல் மெஷின்களை நிறுத்திவிட்டார். பாங்க்காரர்கள் நெருக்கினார்கள். ஆள் உயரத்துக்கு நிற்கும் ஐரோப்பிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று அவர் வீட்டில் இருந்தது. புதுசில் எட்டு லட்சம். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டார். அது நியாயமான விலை என்பதில் நம் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவசரப்பட வேண்டாம், இன்னும் இரண்டு மாதம் போனால் ஆள் தானாக இறங்குவார் என்று முடிவு செய்தோம். பாய் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமை என் பட்டறை டெம்போவை வாடகைக்குக் கேட்டார். நானும் கூடப் போனேன். பொங்கலூர்க்காரர் எங்களைப் பார்த்ததும், பேரம் பேச வந்திருக்கிறோம் என்று நினைத்து, இரண்டு கொடுத்தால் போதும் என்று தானே இறங்கினார். பாய் அதைக் காதில் வாங்காமல், கேட்ட தொகையை முழுதாக எடுத்து வைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டினேன். கையில் விழுந்த நாற்பதாயிரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறீர்களே என்றேன்.

"கொறை பொருள்ல இருந்தா வெலையக் கொறைங்க தம்பி. அவரு நொடிச்சுப்போனது ஸ்பீக்கரோட கொறை இல்லீங்களே."

இதை நான் குழுவில் சொன்னேன். பாய் ஏமாந்துவிட்டார் என்று பல வாரம் பேசினோம். நம் வீட்டுச் சாமானை விற்கும்போது மட்டும் அதன் அருமை பெருமையெல்லாம் நமக்கு ஞாபகம் வரும். அடுத்தவர் வீட்டில் என்றால் ஃபோம் உளுத்துவிட்டது, மாடல் பழசு, பில் இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. ஒரு நல்ல ஸ்பீக்கர் நாலு வருஷத்தில் நாலு பங்கு மோசமாகப் பாடுவதில்லை. புது மாடல் வந்துவிட்டது என்று கம்பெனிக்காரன் சொன்ன மாத்திரத்தில் பழசை மட்டமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். பாய் மட்டும் தன் சாமானை விற்கும்போது, "பொட்டியத் தொறந்த அன்னிக்கே பாதி போச்சுங்க" என்று சொல்லித் தானே விலையைக் குறைப்பார். அடுத்தவரிடம் வாங்கும்போது அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது, தன்னுடைய வால்வு ஆம்ப்ளிஃபயரை விற்க முன்வந்தார். வாங்கப் போனவன் நான். வழக்கம்போல அம்பு ஒட்டிவைத்திருந்தார், ஐந்து. வலது பக்கம் லேசான இரைச்சல், ஒரு வால்வு மாற்ற வேண்டியிருக்கும் என்று அவரே காட்டினார். நான் அம்புக்கு ஐயாயிரம் வீதம் கழித்தேன். எதற்காக விற்கிறார் என்று எனக்குத் தெரியும். கையில் ஊசி குத்திய இடம் வீங்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் கழித்தேன். அவர் எனக்குப் பொங்கலூரை ஞாபகப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. டீ குடித்துவிட்டுப் போங்கள் தம்பி என்றார். அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிறு ஆடிட்டர் வீட்டில் கூடினோம். இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். காபி வந்தது. காபி ஆறுவதற்குள் ஸ்பீக்கர் பேச்சு வந்துவிட்டது. வருஷத்துக்கு இவ்வளவு தேய்மானம் என்று ஒரு காகிதத்தில் கழித்துக்கொண்டே வந்து, தொண்ணூறாயிரம் என்று நிறுத்தினோம். பெட்டியைத் திறந்த அன்றைக்கே பாதி போச்சு என்று பாயே சொல்வாரே என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். ஆஸ்பத்திரிச் செலவில் வீடு காலியாகியிருக்கும், பாயின் மனைவி ரஹ்மத் அக்காவுக்கு இது ஒரு உதவியாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். உதவி என்ற சொல்லைக் கேட்டு யாருக்கும் கூசவில்லை. அக்காவுக்கு அதன் விலை தெரிந்திருக்காது என்பதில் நமக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஏனென்றால் நம்மில் எவனும் வீட்டில் உண்மை விலையைச் சொன்னதில்லை. என் ஸ்பீக்கர் முப்பதாயிரம் என்று என் மனைவி இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

பாய்க்கு நெருக்கமானவன் என்று என்னையே பேசச் சொன்னீர்கள். நானும் பேசினேன். அக்கா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கும் காலம் அது. அந்தக் காலத்தில் அவரைப் போனில் கூப்பிட்டு நான் விலை பேசினேன். அன்வர் போனை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். சுற்றி வளைத்து, ஸ்பீக்கருக்குத் தொண்ணூறு வரைக்கும் தரச் சொல்கிறேன் என்றேன்.

"விக்கறோம்னு யாருங்க தம்பி சொன்னாங்க?" என்றார்.

அதை நாம் யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. செலவுக்கு ஆகுமே என்றுதான், என்று இழுத்தேன்.

"அது ரெண்டு நாப்பதுக்கு வாங்குனதுங்க. நான் கட்டுன சீட்டுப் பணம். அந்தப் பொங்கலூர்க்காரரு ரெண்டே போதும்னாராமா, இவருதான் கேக்கலையாமா. வந்து எல்லாஞ் சொன்னாருங்க. எடது ஸ்பீக்கர்ல அடியில ஒரு மூலை நசுங்கியிருக்குது. டெம்போவுல ஏத்தறப்ப நீங்க இடிச்சுப்போட்டீங்களாமா. சொன்னா தம்பி மனசு சங்கடப்படும்னு உங்ககிட்டச் சொல்லலைன்னாரு."

நான் இடித்ததே எனக்குத் தெரியாது. அக்கா குரலை உயர்த்தவில்லை. மாலையில் பாயும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து அதில் கேட்பார்களாம். நல்ல ஆம்ப்ளிஃபயர் போன பிறகு பழைய சின்ன ஆம்ப் ஒன்றை மாட்டிக்கொண்டு, கடைசி வாரம் வரை கேட்டார்களாம். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்.

"அவரு இருந்திருந்தா இந்த வெலைக்குக் கேட்டிருப்பீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே முடித்துவைத்தார்.

"நம்ம குழு ஆளுக நல்லவங்க, எதுன்னாலும் அவங்களக் கேட்டுக்கன்னு சொல்லிப்போட்டுத்தான் போனாருங்க. அதை அப்பிடியே வெச்சுக்கறேன். இனிமே வெலை பேச யாரும் கூப்புடாதீங்க."

அந்த ஆம்ப்ளிஃபயரை டெம்போவில் ஏற்றிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடிந்துவிடும். அப்படி நடக்கவில்லை. கொடுத்துவிடுகிறேன் என்று அன்வரிடம் சொல்லி அனுப்பினேன். விற்றது விற்றதுதான், வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அது என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அது அவர் நினைவாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் வீட்டில் நம்மைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான். நல்லவர்கள் என்றாராம். பத்து வருஷம் நம்மோடு உட்கார்ந்து நம் பேச்சையெல்லாம் கேட்டவர், நம்மைத் தெரியாமல் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். தனக்குப் பிறகு அக்கா பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக அவர் சொன்ன பொய் அது. அவர் வேறு பொய் சொல்லி நான் அறிந்ததில்லை. அந்த ஒன்றை மூன்று வாரம்கூடக் காப்பாற்ற நமக்குத் துப்பில்லாமல் போயிற்று.