பூ எழுத்தை எதில் சேர்ப்பது

காலையில் கணினியைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றி, குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால், அது இன்னும் எழுத்துருக்களைத் திறந்து முடிக்கவில்லை. போன கிழமை மட்டக்களப்பில் கணினி திருத்துகிற தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே தட்டிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அக்கா, மெஷினுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க சேத்து வெச்சிருக்கிற பொன்ட்டுகள்தான் வருத்தம். அழிச்சு விடுங்க. இல்லாட்டி பொன்ட் மேனேஜர் ஒண்டப் போட்டு, வேணுங்கிறத மட்டும் திறந்து வெச்சுக்கொள்ளுங்க."

அழிப்பது எனக்கு வராது. உடைந்த குடையின் கம்பியைக்கூட எதற்காவது உதவும் என்று எடுத்து வைக்கிற ஆள் நான். இருபது வருஷத்துக்கு மேலாகக் கலியாண அட்டையும் கோயில் நோட்டீசும் வடிவமைத்துப் பிழைக்கிறவளிடம் எழுத்துருக்கள் சேராமல் என்ன சேரும்? ஆகவே பொன்ட் மேனேஜர்தான் என்று முடிவாயிற்று. மூன்றை இறக்கிப் பார்த்தேன். ஒன்று இலவசம், முகம் மட்டும் பழைய அரசாங்கக் கந்தோர்ச் சுவர் மாதிரி ஒரே சாம்பல். இரண்டாவது கொள்ளை அழகு, ஆனால் மாதா மாதம் டொலரில் கேட்கிறது. அதை மரியாதையாக மூடிவிட்டேன். மூன்றாவது கெட்டிக்காரன். ஒரு பழைய கோப்பைத் திறந்தால் அதற்கு எந்த எழுத்துரு வேண்டுமென்று தானே பார்த்துத் திறந்து, வேலை முடிந்ததும் மூடியும் விடுகிறது. ஒரு தரம் விலை கொடுத்தால் போதும்.

ஆனால் மூன்றுக்கும் ஒரே கோளாறு. எழுத்துருவின் முகத்தைக் காட்ட, நாயும் நரியும் வருகிற ஒரு ஆங்கில வசனத்தைப் போட்டுக் காட்டுகின்றன. எங்கள் பழைய தமிழ் எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குந்திக்கொண்டிருப்பவை. அதனால் நாயும் போய் நரியும் போய், வாயில் நுழையாத ஒரு தமிழ் வந்து நின்றது. தனியாக இருந்து சிரித்தேன். அந்த உளறலை வைத்தே ஒவ்வொன்றையும் எனக்கு அடையாளம் தெரிந்தது என்பதுதான் இன்னும் பகிடி.

கெட்டிக்காரன் அடுத்து, இவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வை என்றான். கலியாணம், மரணம், கோயில், பள்ளிக்கூடம் என்று நான்கு கூட்டம் திறந்து இழுத்து இழுத்துப் போட்டேன். விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்த வேலை பூ எழுத்தில் வந்து நின்றுவிட்டது. அது அதன் உண்மைப் பெயரில்லை. கடையில் நாங்கள் வைத்த பெயர். ஒவ்வொரு சுழியின் நுனியிலும் மல்லிகை மொட்டுப் போல ஒன்று முடிந்திருக்கும். அதைக் கண்டதும் சூடான டோனரின் மணம் மூக்கில் ஏறியது. அதோடு சேர்ந்து, வெயிலில் காய்கிற வாவிச் சேற்றின் மணமும்.

அந்த இரண்டு மணமும் ஒன்றாக வீசிய இடம் நான் முதன்முதலில் வேலைக்குப் போன கடை. மட்டக்களப்பில் வாவியோரத் தெரு ஒன்றில் இருந்தது. ஒரு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின். நான் குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். சண்டைக் காலம், வழியில் ஆமிக்காரர் இறக்கி ஏற்றிச் சோதிப்பார்கள். என்னோடு வேலை செய்த ஜவாஹிர் நானா ஓட்டமாவடிக்காரர். கிழமை நாட்களில் காத்தான்குடியில் மாமி வீட்டில் தங்கி வருவார். எங்களுக்கு மேலே முதலாளி. நல்ல மனிதர், நாள் நட்சத்திரத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு.

அந்தக் கணினிக்கு வயிறு சின்னது. கொஞ்சம் கூடுதலாக எழுத்துருவை ஏற்றினால் அப்படியே உறைந்துவிடும். அதனால் எழுத்துருக்களைப் பிளொப்பிகளில் பிரித்து, பிஸ்கட் தகரப் பேணி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தோம். சிவப்பு நாடா ஒட்டியது கலியாண எழுத்து, பூ எழுத்தும் அதில்தான்; கறுப்பு நாடா மரண எழுத்து. இரண்டையும் ஒன்றாக ஏற்ற முடியாது. காலையில் எதை ஏற்றுவது என்பதில் முதலாளிக்கு ஒரு சட்டம் இருந்தது.

"காலங்காத்தால மரண எழுத்த ஏத்தாதங்க. கடை திறக்கக்குள்ளயே சாவீட்டுக்குப் பாய் விரிச்ச மாதிரி."

ஆகவே தினமும் கலியாண எழுத்தை ஏற்றிவிட்டுக் காத்திருப்போம். அந்த வருஷங்களில் வந்தவர்கள் பெரும்பாலும் மற்றதற்குத்தான் வந்தார்கள். உடனே கலியாணத்தைக் கழற்றி, கறுப்பு நாடாவைப் போட்டு ஏற்றி, கணினியை நிறுத்தித் திரும்ப இயக்குவோம். அவ்வளவு நேரமும் துக்கக்காரர் சுவரோர வாங்குப் பலகையில் இருப்பார். பொன்ட் மேனேஜர் என்று தனியாக ஒரு மென்பொருள் வரப்போவது தெரியாமல் அந்த வேலையை நாங்களே செய்துகொண்டிருந்தோம்.

அப்படி ஒரு காலையில் பூபாலபிள்ளை என்பவர் வந்தார். படுவான்கரைக்காரர், அதாவது வாவிக்கு மேற்கே உள்ளவர். அங்கே ஷெல் விழத் தொடங்கியதும் மனைவியோடு கிழக்குக் கரைக்கு வந்து, எங்கள் குருக்கள்மடத்தில் சொந்தக்காரர் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு இருந்தார். முதல் நாள் பின்னேரம் மனைவி பூரணம் காய்ச்சலில் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளோடு கடை வாசலில் நின்றார்.

"அவக்கு ஒரேயொரு தமையன்" என்றார் பூபாலபிள்ளை, என்னைப் பார்த்து. "அந்தக் கரையிலதான் எங்கயோ நிக்கான். வீட்டையும் விட்டுட்டுப் போயிட்டானாம், எந்த ஊரில எண்டு ஒருத்தருக்கும் தெரியா. அண்ணன வரச்சொல்லு, அண்ணன வரச்சொல்லு எண்டுதான் கிடந்தா. அவனுக்கு முகம் காட்டாம எப்பிடி எடுக்கிற? நாளைக்குப் பின்னேரம் வரைக்கும்தான் வெச்சிருக்கலாம்."

அந்தக் கரையில் தொலைபேசி கிடையாது. வானொலியில் சொல்லக் கொழும்புக்கு ஆள் போகவேண்டும். இருந்த ஒரே வழி, நோட்டீஸ் அடித்து மத்தியானப் பாதையில் அனுப்பி, சந்திக்குச் சந்தி, கடைக்குக் கடை ஒட்டுவது. பாதை என்றால் ரோட்டு இல்லை. வாவியைக் கடக்கிற மிதவைப் படகை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மண்முனைத் துறையில் அதைப் பிடிக்கவேண்டும். இதற்கிடையில் பத்து மணிக்கு எங்கள் பகுதிக்கு மின்வெட்டு.

ஜவாஹிர் நானா கறுப்பு நாடா பிளொப்பியைப் போட்டார். அது கர் கர் என்று இழுத்துவிட்டு, வாசிக்க முடியாது என்றது. வாவிக் காற்றுக்கு இரும்பாணியே துருப்பிடிக்கும், பிளொப்பி எம்மாத்திரம்? எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார், ஊதினார், பிஸ்மில்லாஹ் சொல்லித் திரும்பவும் போட்டார். அதே பதில். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் மெல்லச் சொன்னார்.

"முதலாளி, ஏத்திக் கிடக்கிறதிலயே அடிப்பம்."

"உனக்கென்ன விசரா? கலியாண எழுத்தில சாவு நோட்டீஸ் அடிச்சா சனம் காறித் துப்பும்."

வாங்கில் இருந்த பூபாலபிள்ளை எழும்பி வந்தார். "எந்த எழுத்திலயெண்டாலும் அவட பேர் பேர்தானே தம்பி. அடிங்க."

முதலாளி வெளியே போய் நின்றுகொண்டார். நான் அடித்தேன். மரண அறிவித்தல் என்ற இரண்டு சொல்லும் மொட்டும் சுழியுமாகத் திரையில் வந்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பூரணத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டேன். அது அழகாக இருந்தது, அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. லேசரில் ஒன்று எடுத்து, மிச்சத்தைப் போட்டோக்கொப்பியில் போட்டு முடிய, கரண்ட் போயிற்று. சூடு ஆறாத நோட்டீஸ் கட்டைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் பறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்கு உடனே தெரியாது. பிணம் எடுத்தாயிற்று என்று மட்டும் ஊரில் கேள்விப்பட்டேன். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை அடிக்கப் பூபாலபிள்ளை திரும்ப வந்தபோது, கூடவே உயரமான, கறுத்த ஒரு மனிதரும் வந்தார். "இவன்தான் மச்சான்" என்றார் பூபாலபிள்ளை.

கதை முழுவதும் அப்போதுதான் வந்தது. துறையில் சோதனைக்கு நின்ற சிப்பாய்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கட்டைப் பிரித்துப் பூக்களைப் பார்த்துவிட்டு, "மகுல் கெதரக்த?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தானாம். கலியாண வீடா என்று. பக்கத்து வீட்டுக்காரர் ஆமென்று தலையாட்டிவிட்டு, கட்டை வாங்கிக்கொண்டு பாதையில் ஏறினாராம். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு கரை சேரும்வரை யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லையாம்.

முதலாளி தமையனைப் பார்த்து, கொஞ்சம் பயந்த குரலில் கேட்டார். "எழுத்தப் பாத்து உங்களுக்கு மனம் நொந்திருக்கும், என்ன?"

தமையன் தலையை ஆட்டினார்.

"இல்ல தம்பி. மரண நோட்டீசெண்டா நாங்க இப்ப பாக்கிறயே இல்ல. மதிலுக்கு மதில் அதுதான். கறுத்த எழுத்தத் தூரத்தில கண்டாலே மற்றப் பக்கம் பாத்துக்கிட்டுப் போயிருவம். எத்தினையத்தான் வாசிக்கிற? அண்டைக்கு ஒரு கடை மதிலில பூ எழுத்தக் கண்டன். இந்தக் கஷ்டத்துக்குள்ளயும் ஆர்ர வீட்டிலயோ ஒரு நல்ல காரியம் நடக்குது எண்டு சந்தோசமா இருந்திச்சு. அது ஆரெண்டு பாப்பமெண்டுதான் சைக்கிள நிப்பாட்டினன்."

மிச்சத்தைப் பூபாலபிள்ளைதான் சொன்னார். அடுத்த நாள் காலைப் பாதையிலேயே வந்து, தங்கச்சியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஜவாஹிர் நானா எழும்பிப் போய் பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. "அந்தக் கரைக்குப் போற நோட்டீஸ், பூ எழுத்திலயே அடிங்க, அப்பதான் சனம் நிண்டு பாக்கும்" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். முதலாளியால் மறுக்க முடியவில்லை. மற்றக் கடைகளும் அந்த எழுத்தைத் தேடி வாங்கின. சில மாதம் போக, ஒரு பெண்ணின் தகப்பன் கலியாண அட்டைக்கு வந்தார். மாதிரியைக் கையில் எடுத்தவர், சுட்டதுபோல மேசையில் போட்டார்.

"என்னகா இது, சாவெழுத்தக் காட்டுறாய்? வேற எடு."

அதற்குப் பிறகு ஒரு கலியாண வீட்டுக்காரரும் அதைத் தொடவில்லை. சிவப்பு நாடாப் பிளொப்பியிலிருந்து அதைக் கழற்றிக் கறுப்பு நாடாவுக்கு மாற்றினோம். மதில்களில் அதைக் கண்டு சனம் நிற்பதும் மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு கறுத்த எழுத்தைக் கடப்பது போலவே அதையும் கடந்து போனார்கள்.

இப்போது கணினி கேட்கிறது, இதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று. இலவசக்காரனிடம் ஒரு எழுத்துருவுக்கு ஒரு பெட்டிதான். கெட்டிக்காரன் ஒன்றையே இரண்டு கூட்டத்தில் வைக்க விடுகிறான். அதற்காகவே அவனுக்குக் காசைக் கட்டினேன். கலியாணத்திலும் போட்டேன், மரணத்திலும் போட்டேன். இன்றைய பிள்ளைகளுக்கு அது வெறும் பூ எழுத்துத்தான். யாராவது அட்டைக்குக் கேட்டால் கொடுப்பேன்.

மண்முனையில் இப்போது பாலம். பாதை இல்லை, துறையில் சோதனை இல்லை. பஸ்ஸில் கண்ணயர்ந்தால் கரை மாறியதே தெரியாது. கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். முதலாளி காலமாகிவிட்டார். ஜவாஹிர் நானா ஓட்டமாவடியில் நெல் வியாபாரம் செய்கிறார், பெருநாளைக்குப் பேசுவார். கலியாணமும் மரணமும் மீன் விலையும் ஒரே எழுத்தில் போனுக்கு வந்து விழுகின்றன. ஒரு தங்கச்சி கண் மூடினால் தமையன் எந்த நாட்டில் நின்றாலும் அடுத்த நிமிஷம் தெரிந்துவிடும். நல்லதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் நல்ல காரியம் நடக்கிறதென்று சந்தோஷப்பட்டு, அது யாரென்று பார்ப்பதற்காக வெயிலில் சைக்கிளை நிறுத்துகிற ஒரு மனிதரை நான் பிறகு காணவில்லை.