பஸ் வரிசையில் அடுக்கிய ஊர்கள்

அருளப்பன் சார் இறந்த செய்தி தெரிந்த நேரத்தில் நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். ஊர்ப்பெயர்ப் புத்தகத்தைக் கோடை விடுமுறைக்குள் அச்சுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சண்டை போடத்தான் போன் செய்தேன். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா எடுத்தார். "காலையில எழுப்பப் போனேன் டீச்சர், எழுந்திரிக்கல" என்றார். போட வேண்டிய சண்டை அப்படியே நின்றுவிட்டது.

கடலூரில் ஒரே பள்ளியில் அவர் வரலாறு, நான் புவியியல். எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த அயர்லாந்துக் கதை மனப்பாடமாகவே இருக்கும். அங்கே இங்கிலீஷ்காரன் வரைபடம் போட்டபோது ஊர்ப்பெயர்களைத் தன் வாய்க்கு வந்தபடி எழுதி வைத்தான். பின்னாளில் அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு ஊர்க்கதைகளை நோட்டில் எழுதிவந்தார்கள். இதை எங்கோ படித்துவிட்டு வந்து ஸ்டாஃப் ரூமில் எங்கள் உயிரை வாங்கினார். "அயர்லாந்துப் பசங்க செஞ்சாங்க. நம்ம பசங்களுக்கு என்ன கொறச்சல் டீச்சர்?"

பிள்ளைகளிடம் ஒரு குறைச்சலும் இல்லை. ஒரே மாதத்தில் அவரவர் ஊர்ப்பெயரையும் அதன் கதையையும் சீட்டுச் சீட்டாக எழுதிக் குவித்தார்கள். இவர்தான் சிவப்பு மையில் "யாரைக் கேட்டாய்?" என்று எழுதி ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்தார். தானே அந்த ஊருக்குப் போய் மூன்று பேரிடம் கேட்காமல் எந்தப் பெயரையும் ஏற்க மாட்டார். அந்தப் பிள்ளைகள் கல்லூரி முடித்து, கல்யாணமும் செய்துகொண்டார்கள். புத்தகம் மட்டும் வரவில்லை.

ஒருமுறை என்னையும் பரங்கிப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனார். டீக்கடையில் ஒருவர், "வீட்ல மஹ்மூது பந்தர்னுவோம் சார். கவர்மென்ட் பேப்பர்ல பரங்கிப்பேட்டை. வெள்ளக்காரன் வெச்சது போர்ட்டோநோவோ" என்றார். இது ஊருக்கே தெரிந்த விஷயம், இதற்கா இவ்வளவு தூரம் என்று எரிந்து விழுந்தேன். "தெரியும் டீச்சர். ஆனா யாரு வாயால வந்துச்சுன்னு எழுதணும்ல?" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பேரைத் தேடிப் போனார். மூன்று பஸ்ஸை விட்டோம்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். எங்கள் பழைய மாணவி செல்வி. இப்போது சிதம்பரத்தில் நர்ஸ்.

"எங்க ஊரு பேரு புக்குல வருதா மிஸ்? போர்டுல புதுநகர்னு இருக்கு, ஆனா படகுமேடுன்னுதான் சொல்லுவாங்கன்னு எழுதிக் குடுத்தேன். மூணு வாட்டி திருப்பிட்டாரு, நாலாவது வாட்டி வாங்கி வெச்சிக்கிட்டு சரியா தப்பான்னே சொல்லல. நான் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாரு போல" என்றாள். இத்தனை வருஷமாக அதை மனதில் வைத்திருக்கிறாள்.

மறுவாரம் அவர் வீட்டில் அட்டைப்பெட்டிகளைத் திறந்தேன். சீட்டுகள் அகர வரிசையில் இல்லை. "அவுங்க பஸ் போற வரிசையிலதான் வெச்சிருக்காங்க. ஸ்டாப்பிங் தெரிஞ்சா எடுத்துடலாம்னுவாங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த பஸ்களில் பாதி இப்போது பைபாஸில் போகின்றன. ஸ்டாப் ஸ்டாப்பாக ஞாபகப்படுத்தித் தேடியதில் பொழுது சாய்ந்தது.

படகுமேடு கிடைத்தது. செல்வியின் கையெழுத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "நேரில் போனேன். கண்டக்டர், மீன் விற்கும் அம்மா, கிணறு வெட்டுபவர் மூவரும் படகுமேடு என்றே சொல்கிறார்கள். முன்பு உப்பங்கழி அதுவரை வந்ததாம். கிணற்று மண்ணில் சிப்பி பார்த்தேன். செல்வி சொன்னது சரி."

போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாம்ல மிஸ்?" என்றாள்.

சொல்லியிருக்கலாம்தான். மூன்று பேரைத் தேடி வெயிலில் அலைந்தவருக்கு, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்திருப்பார். பெட்டிகளில் இப்படி எத்தனையோ பெயர்களுக்குக் கீழே "சரி" என்று எழுதி, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

அவர் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது அந்தச் சொல்லாத "சரி"களைத்தான். தினமும் பள்ளி விட்டதும் யாராவது ஒரு பழைய மாணவரின் நம்பரைத் தேடிப் பிடித்துச் சொல்லிவருகிறேன். நேற்று ஒருவன் கிடைத்தான். துபாயில் இருக்கிறான். "சாரே சொன்னாரா மிஸ்? நெசமாவா?" என்று குதித்தவன், "சார் எப்படி இருக்காரு?" என்று கேட்டான்.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல, சார்?