மத்தாப்பு காயாத பெட்டிக்கு ஒரு புரோகிராம்

முதலாளி மகள் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்த வருஷம். எங்கள் பட்டாசு ஆலை தாயில்பட்டிப் பக்கம், ஆபீஸ் சிவகாசியில். கிஃப்ட் பெட்டி கட்டும் இடத்தில் நான் மேஸ்திரி.

அன்றைக்கு லோடு விஷயமாக ஆபீசுக்குப் போயிருந்தேன். ஆபீஸ் கணக்கையும் பெட்டி பில்லையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பற்றி அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம்.

"நானே புரோகிராம் எழுதுதேன்ப்பா. ஆபீசுல உக்காந்து நானே பாத்துக்கிடுதேன்."

"ரெடியா விக்கிதுல்ல, தாயி. வாங்கிப் போட்டுட்டா நீ நிம்மதியா வீட்டுல இருக்கலாம்."

அவளுக்கு வீட்டில் இருக்க விருப்பமில்லை. விஷயமே அதுதான்.

அந்த ரெடி புரோகிராமை விற்க வந்தவர் டை கட்டியிருந்தார். எங்கள் ஆபீசில் டையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மத்தியானம் பரோட்டாவைச் சால்னாவில் முக்கும்போது அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருக்கட்டும், எங்கேயோ போகிறேன். அவர் காட்டிய கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டியும், அதற்குள் இருக்கும் பட்டாசுகளும் வரிசையாகத் தெரிந்தன. முதலாளி முகம் மலர்ந்துவிட்டது.

மகள் கேட்டாள்: "மழையில கம்பி மத்தாப்பு காயலைன்னா, கடைக்காரருக்குப் போன்ல சொல்லிட்டு அதுக்குப் பதிலா தரைச்சக்கரம் வைப்போம். அதுக்கு இதுல வழி இருக்கா?"

அவர் தட்டிப் பார்த்தார். திரை சிவப்பானது.

"மத்தாப்பு இல்லாம பில் வராதுங்க. மாத்தணும்னா சென்னையில சொல்லணும். ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசமா? தீவாளி முடிஞ்சு பெட்டிய நாங்களே வெடிச்சுத் தீக்கவா, தம்பி?" என்றேன் நான்.

டைக்காரரே சிரித்துவிட்டார். முதலாளி மட்டும் இறங்கி வரவில்லை.

"நீ எழுதுனது தப்பாப் போனா?"

"திருத்த நான் இங்கனதான இருப்பேன்? அவுகளத் தேடி மெட்ராசுக்கா போவீக?"

முதலாளி தாடையைத் தடவினார்.

"வரவு செலவு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். அத இவருகிட்ட வாங்கிக்கிடுதேன். பெட்டி கட்டுறது நம்ம ஊரு பக்குவம். அத நீ எழுது."

"எனக்கு மேசை?"

முதலாளி எழுந்தார். தன் மேசையிலிருந்த சாமி படம், போன், வெற்றிலைத் தட்டு எல்லாவற்றையும் ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

"இந்தா, பாதி ஒனக்கு. இந்தப் பக்கம் கை வரக் கூடாது, சொல்லிட்டேன்."

"சீசன் சூடு பிடிக்கட்டும், பாப்போம்" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.