பிறந்த வீட்டு விவரம்

‘குடும்பத்தில் யாருக்கு என்னென்ன நோய்’ என்று படிவத்தில் கேட்டிருந்தது. நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் படிவம் சரிபார்க்கிறவள். ஒரு கட்டம் விடாமல் எழுதினேன்: மாமனாருக்கு பி.பி., மாமியாருக்குச் சர்க்கரை, நாத்தனாருக்குத் தைராய்டு.

சென்னை மருத்துவமனையில் மரபணு ஆலோசகராக இருந்த இளம்பெண் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இது உங்க வீட்டுக்காரர் சைடாச்சேங்க. நீங்க பொறந்த வீடு எங்க?”

“கல்யாணம் ஆனா இதுதாங்க நம்ம வீடு. எனக்குக் குலதெய்வமே மாறிடுச்சு” என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

“சாமி மாறலாம். மரபணு மாறாதுங்க.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலே திருப்பி அனுப்புகிறவள் நான்!

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்காவுக்கு நாற்பத்தொரு வயதில் மார்பகப் புற்றுநோய். சின்ன வயதிலேயே வந்ததால் மரபணுப் பரிசோதனை செய்ததில், ஒரு மரபணுவில் பழுது தெரிந்தது. கூடப்பிறந்த எனக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் வருஷா வருஷம் ஸ்கேன். சினைப்பையை எடுப்பதைப் பற்றிக்கூட யோசிக்க வேண்டும். என் மகளுக்கும் போயிருக்கலாம். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆலோசகர் புதுத் தாளில் எங்கள் வம்சத்தை வரையத் தொடங்கினார். அம்மா வழியில் யாருக்கும் இல்லை என்றேன்.

“அப்பா வழியில?”

“அப்பா வழியிலகூட வருமா?”

“தாராளமா வரும்.”

அப்போதுதான் அத்தை ஞாபகத்துக்கு வந்தாள். அப்பாவின் தங்கை. மார்பில் கட்டி வந்து, முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். ‘அந்த வீட்டுக்குப் போன நேரம்’ என்று கட்டிக்கொடுத்த இடத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டில் சும்மா இருந்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். நான் சொன்னதும் ஆலோசகர் அப்பாவுக்குப் பக்கத்தில் அத்தைக்கு ஒரு வட்டம் போட்டு, நோய் வந்தவள் என்று அதைக் கறுப்பாக்கினார்.

ரத்தம் கொடுத்த மூன்றாவது வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். அக்காவுக்கு இருந்த பழுது எனக்கு இல்லை. ஆகவே என் மூலமாக மகளுக்கும் போயிருக்காது.

“அதுக்காகப் புற்றுநோயே வராதுனு இல்லீங்க. எல்லாரையும் போல வயசுக்கேத்த செக்கப் பண்ணிக்கணும்” என்றார். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அப்பாடா என்று இருந்தது. வெளியே வந்து, அறிமுகமே இல்லாத செக்யூரிட்டிக்கு நன்றி சொன்னேன்.

திருவண்ணாமலை பஸ்ஸில் வந்தவள் வழியிலேயே கீழ்பென்னாத்தூரில் இறங்கிவிட்டேன். அக்காவுக்கு அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது. அவளிடம் போய் எப்படிச் சந்தோஷப்படுவது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். தன் நோய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“என் வியாதியைவிட உன் ரிசல்ட்டுதான்டி என்னை அரிச்சுக்கிட்டே இருந்துது.”

போன வருஷம் கல்யாணமான அவள் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். “நானும் பார்க்கணுமா சித்தி?”

“மொதல்ல அந்த மேடம்கிட்ட பேசு. அப்புறம் நீயே முடிவு பண்ணு. நான் கூட வரேன்.”

அவளும் என்னைப் போல மாமியாரின் சர்க்கரையை எழுதிவைப்பாள் என்று தோன்றியது. ரிப்போர்ட் கவரின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டு விவரத்தை நானே எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் அத்தையின் பெயர். இத்தனை வருஷம் கழித்து அவள் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.