பூனைக்கு சுகர் பார்த்த வெள்ளிக்கிழமைகள்

என் மனைவி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். அவள் போனபிறகு வீட்டில் நானும் பூனையும்தான். செவலை நிறம், நல்ல கனம், ஆண் பூனை. சரியாகச் சொன்னால் அது அவளுடைய பூனை. புன்னைக்காயலில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, கரையில் ஏற்றி வைத்த வள்ளத்துக்கு அடியில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் பொதிந்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் போன புதிதில், சாயங்காலமானால் அது வாசலில் போய் உட்காரும். இங்கே வேலை பார்த்தபோது அவள் டூட்டி முடிந்து வருகிற நேரம் அது. பிறகு மெல்ல விட்டுவிட்டது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. பூனையும் மறந்துவிட்டால் வீட்டில் காத்திருக்க நான் ஒருவன்தான் மிச்சம்.

எங்கள் பேச்சும் அதற்குள் சுருங்கிப் போயிருந்தது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ, ஆச்சு. அதற்கு மேல் இரண்டு பேரும் போனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். நானோ அவளோ சரி வைக்கட்டுமா என்போம்.

ஒரு கோடையில் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தாள்.

“ஏங்க, அதோட தண்ணிக் கிண்ணம் காலியா கெடக்கே.”

“வெயிலு.”

“நேத்தும் காலியாத்தான் கெடந்துச்சு. ரொம்பக் குடிக்குதோ? சுகரா இருக்கப் போகுது. பூனைக்கும் வரும். டாக்டர்ட்ட கொண்டு காட்டுங்க.”

கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய நாய் உட்கார்ந்து விடாமல் குரைத்தது. மேசையில் தூக்கி வைப்பதற்குள் பூனை உடம்பெல்லாம் நடுங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருநூற்று அறுபது. அதிகம் என்று எனக்கே தெரிந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நிதானமாகச் சொன்னார். “இத வச்சு சுகர்னு முடிவு பண்ணக் கூடாது சார். பயந்தா நல்லா இருக்கிற பூனைக்கும் இப்படி ஏறிரும். வீட்ல அது அமைதியா இருக்கும்போது அப்பப்போ பாத்துச் சொல்லுங்க. மனுஷங்க சுகர் பாக்குற மீட்டர்ல பூனைக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும், அத நான் கணக்குல எடுத்துக்கிடுதேன்.” காதின் ஓரத்தில் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்றும் தொட்டுக் காட்டினார்.

மீட்டர் வீட்டில் இருந்தது. நாற்பது தாண்டியாச்சு, உங்களுக்கும் பாத்துக்கிடுங்க என்று அவள் வாங்கி வைத்துவிட்டுப் போனது. உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. ரத்தம் என்றால் எனக்கு ஆகாது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. அன்றைக்குக் காலையில் போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, பூனையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி பட்டதும் அது என் முழங்கையைக் கீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு சொட்டுகூட வரவில்லை. என் கையிலிருந்துதான் ரத்தம் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சைத் தேடியதைப் பார்த்து அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் அவளே ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாள்.

“மொதல்ல வெந்நியில துணிய முக்கிப் பிழிஞ்சு காத சூடு பண்ணுங்க. அவசரப்படாதீங்க. சூடானாத்தான் ரத்தம் எறங்கும். காதுக்குப் பின்னால பஞ்ச வச்சுப் பிடிங்க.” பிறகு குரலை இறக்கி, “என் தங்கம்லா, அசையாதிய, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றாள். பூனையிடம்தான் சொன்னாள். அது காதை விறைத்துக்கொண்டு போனைப் பார்த்தது. எட்டிப் போய் போனுக்குப் பின்னால் மோந்து பார்த்தது. யாரும் இல்லை. திரும்பி வந்து என் மடியில் படுத்தது.

அன்றைக்கு ஒரு சின்னச் சொட்டு வந்தது. தொண்ணூற்றெட்டு.

“நல்லாத்தான் இருக்கு. காத ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிச்சிட்டு, ஒரு மீன் துண்டு குடுங்க.”

அப்படியே பல வெள்ளிக்கிழமைகள் போயின. சோதனை சீக்கிரம் முடிந்துவிடும். பேச்சு முடியாது. என் கை பழகப் பழக அவளும் அங்கே நடப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னல் இல்லாத அறை, உடன் தங்கியிருக்கும் பெண்ணின் குறட்டை, மருந்து வாடை போகாத கை. ஒருநாள் சொன்னாள்: “தெனமும் எத்தன பேருக்கு விரல்ல குத்துதேன். ஒருத்தர் விரலும் ஞாபகத்துல நிக்கல. இதோட காது மட்டும் கனவுல வருது.”

“நான் வாரேனா?”

“நீங்களும்தான். பஞ்சத் தேடிக்கிட்டு.”

வெள்ளிக்கிழமை அளவுகளையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன்; எல்லாம் நூறை ஒட்டியே இருந்தன. என்ன சாப்பாடு என்று கேட்டார். அவள் இருந்தவரை தினமும் சாளை மீன் அவித்துப் போடுவாள். எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் பாக்கெட்டில் விற்கிற உலர்ந்த தீனிக்கு மாற்றியிருந்தேன். டாக்டர் சிரித்தார். “அதான் தண்ணி நெறைய குடிக்குது. சுகர் இல்ல சார். ஆரோக்கியமான பூனை. இனி குத்த வேண்டாம்.”

சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளுக்கும். “பாவம், இனி அதப் படுத்தாதீங்க” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் போன் வரவில்லை. நானும் எதற்கென்று கூப்பிடுவேன்? மத்தியானம் பேசினாள். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு இரண்டு பேரும் சும்மா இருந்தோம். நான்தான், “ஒரு ஒப்புக்காவது சுகர் வந்திருக்கலாம்லா” என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றாள்.

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழாவுக்கு வருவதாக இருந்தாள். லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு என்கிறாள். இப்போது அவளுக்கு நைட் டூட்டி. காலையில் அறைக்கு வந்து படுத்துக்கொண்டு கூப்பிடுகிறாள். “பூனை பக்கத்துல போன வைங்க. கட் பண்ணாதீங்க” என்கிறாள். நான் வைக்கிறேன். அது குர்குர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறது. கொஞ்ச நேரத்தில் போனிலிருந்து அவள் மூச்சு சீராகக் கேட்கிறது. நான் குழாயைத் திறக்காமல், பாத்திரத்தை உருட்டாமல், அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன்.