ஒரு கிணறு, இரண்டு பாத்தி

விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் தலையிலிருந்து மல்லிகை வாசம் வந்ததும், திண்டிவனத்துக்கு வெளியே, இப்போது மனைக்கல் நட்டுக் கிடக்கிற எங்கள் குத்தகை நிலம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பாதியில் அப்பா போட்ட வேர்க்கடலை, எங்கள் வாயில் மல்லாட்டை. மறுபாதியில் அம்மாவின் மல்லிகைச் செடிகள். பனியில் நனைந்த புடவையோடு அவள் பறிக்கப் பறிக்க, மடியிலிருந்து கூடைக்குள் மொட்டுகள் சரிகிற அந்த மெல்லிய சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும்.

மழை பொய்த்த வருஷம், கிணற்றில் ஒரு பாதிக்கு மட்டுமே தண்ணீர் ஊறியது. அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார்.

"எந்தப் பக்கம் திருப்பட்டும்? நீயே சொல்லு."

"என்னக் கேட்டுக்கினு நிக்கிறீங்களே. புள்ளைங்க பூவையா துன்னும்? மல்லாட்டைக்கே உடுங்க" என்றாள் அம்மா.

அப்பா தலைகுனிந்தபடி மல்லிகைப் பக்க மடையை மண்போட்டு அடைத்தார்.

அந்த வருஷம் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. காய்ந்த செடிகளை அம்மாவே வேரோடு பிடுங்கி அடுப்பில் வைத்து, எங்களுக்கு மல்லாட்டை அவித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் இருட்டோடு எழுந்துகொள்வாள். பறிக்க ஒன்றுமில்லாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் வரும்வரை நின்றிருப்பாள்.